இரண்டாவது சாவி

உட்காருங்கள். இந்தக் கதையை இதுவரை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாலு தடவையும் சொல்லி முடித்த பிறகு, நான் சொன்னது நடந்ததுதானா என்று எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது. நேற்று முளைத்த சந்தேகம் இல்லை, வருஷக்கணக்காக இருக்கிறது. சந்தேகத்தை வைத்துக்கொண்டே சொன்னேன். சொன்னதில் ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். லோடு கேட்க வந்தவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரமாட்டார். பெருந்துறையா? சரி. எதிர்ச் சந்தில் நாலாவது வீடு, பேட்டரிக் கடை சுப்பராயன் மகன் மிதுன், ஓசூரில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் எப்படி என்று அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தீர்கள். சந்து முனையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவனைத்தான் எல்லோரும் கேட்பார்கள். முன்னால் வந்த நாலு பேரும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள்.

ஒரு நிமிஷம். ஒரு போன் செய்துவிடுகிறேன்.

அவ்வளவுதான். பேசினது என் மச்சினன், குணசீலன். பைபாஸ் பக்கம் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருக்கிறான். அரை மணி நேரத்தில் வருகிறானாம். நான் உங்களுக்குச் சொல்லப் போவதை எனக்குச் சொன்னவன் அவன்தான். அவன் வருகிற வரைக்கும் நீங்கள் இருக்க வேண்டும். முன்னால் வந்தவர்கள் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் அப்படிப் போகக் கூடாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிதுனைப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அவன் செய்த வியாபாரம் எனக்கு ஆகாது. இல்லாத ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லாத லாரியையும் இல்லாத டீசலையும் விற்றவன் அவன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கும் பிடிக்காது என்று சொன்னேன் இல்லையா, அது பொய். ஆரம்பத்தில் பிடித்திருந்தது. 

பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் இருந்தான். கொரோனாவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஒரு நாள் சின்ன மைக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்தான். ஏர் பிரேக் சத்தம் வேண்டுமாம், தார்ப்பாய் இழுக்கிற சத்தம் வேண்டுமாம், டிரைவர்கள் பேசுவது வேண்டுமாம். இருபது நாள் அந்தத் திண்டில் உட்கார்ந்து எதை எதையோ பிடித்தான். ஆபீஸையும் விடவில்லை, மேஜை, மின்விசிறி, சுவரின் கீழ்ப்பாதி பச்சைப் பெயின்ட், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தான். நாமக்கல் லாரி தொப்பூர் கணவாயில் இறங்குகிற மாதிரி ஒரு விளையாட்டு செய்கிறானாம். பேரே ‘கணவாய்’தான். கொல்லிமலை எழுபது வளைவும் அதில் வருமாம். லோடு கட்டினவன் சரியாகக் கட்டவில்லை என்றால் வளைவில் வண்டி சாயுமாம். டிரைவர்களுக்கு அவன் என்றால் உயிர். தங்களைப் பற்றி ஒருத்தன் உட்கார்ந்து கேட்கிறானே என்று.

அதோடு நின்றிருந்தால் நல்ல பையன் என்று சொல்லி உங்களை அனுப்பியிருப்பேன்.

விளையாட்டு செய்யப் பணம் வேண்டும். பெரிய கம்பெனிகளைக் கேட்டுப் பார்த்தானாம், எவனும் தரவில்லையாம். அதனால் விளையாட்டு வருவதற்கு முன்னாலேயே அதில் ஓடப் போகிற லாரிகளை விற்பது என்று முடிவு செய்தான். மொத்தம் முன்னூறு லாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு பெயின்டிங். ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. வாங்கினவன் பேரில் உலகம் பூராவும் இருக்கிற கம்ப்யூட்டர்களில் பதிவாகிவிடுமாம், யாரும் அழிக்க முடியாதாம். அதற்கு என்எஃப்டி என்று பேர். வேண்டாம் என்றால் இன்னொருத்தனுக்கு விற்றுக்கொள்ளலாம். அதோடு அந்த லாரிக்கு ஊற்ற டீசல் என்று ஒரு டோக்கன். முன்னாலேயே வாங்கினால் மலிவு.

“முதலீடுன்னு நெனச்சு வாங்காதீங்கண்ணா. வெளையாடப் போறவங்களே முன்கூட்டி வாங்கிட்டா, அந்தப் பணத்துல செஞ்சிடலாம். அவ்வளவுதான்” என்றான்.

“செய்யாட்டி?”

“செஞ்சிடுவேங்கண்ணா.”

என் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சேலத்திலிருந்து ஒருவன் பத்து டன் ஜவ்வரிசி என்பான். நான் ஒரு டிரைவரிடம் சொல்வேன், வண்டி போய் நிற்கும். கையெழுத்தெல்லாம் பிறகுதான். முப்பது வருஷமாக இந்த ஆபீஸ் ஓடுவது வாய் வார்த்தையில். ஒருத்தன் ‘செஞ்சிடுவேன்’ என்றால் அதற்கு மேல் கேட்டுப் பழக்கம் இல்லை. அவன் என்னிடம் சொன்னான், நான் வண்டிக்காரர்களிடம் சொன்னேன். நான் சொன்னதால் அவர்கள் வாங்கினார்கள். அதற்கு எனக்கு ஒரு லாரி இனாமாகக் கொடுத்தான், நம்பர் முப்பத்தாறு. கமிஷன் என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அப்போது எல்லோருடைய வண்டியும் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. கையில் போன், பொழுது போகவில்லை. முதலில் வாங்கினவர் செம்மலை. மூன்று வண்டி வைத்திருக்கிறவர். நிஜ லாரி வாங்குகிற மாதிரியேதான் வாங்கினார்கள். கூட்டினால் எட்டு வருகிற நம்பரை எவனும் தொடவில்லை. எட்டு, பதினேழு, இருபத்தாறு என்று போனால் முன்னூறில் முப்பத்து மூன்று வண்டி நின்றுபோயிற்று. மிதுன் தலையில் கை வைத்துவிட்டான். கடைசியில் அந்த முப்பத்து மூன்றையும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போனார்கள். அப்புறம் ஆர்.சி. புத்தகம் கேட்டார்கள். அவன் அட்டையில் படம் போட்டு ஆளுக்கொன்று அச்சடித்துக் கொடுத்தான். சம்சாரம் பேரில் மாற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். செம்மலை இந்த மேஜை மேல் ரெண்டு எலுமிச்சம்பழத்தை வைத்து, அதன் மேல் போனை வைத்து நசுக்கினார்.

சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தவன்தான்.

இனிமேல்தான் விஷயம். வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் போனில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை வந்தது. சம்பந்தா சம்பந்தம் இல்லாத வார்த்தைகள். அதுதான் சாவி என்றான் மிதுன். அந்தப் பன்னிரண்டும் தெரிந்தவன் எந்த ஊரில் இருந்தும் எந்த போனில் இருந்தும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எழுதிப் பத்திரமாக வையுங்கள், பெற்ற தாய்க்கும் காட்டாதீர்கள் என்றான்.

செம்மலை கேட்டார், “எத்தனை சாவி?”

“ஒண்ணுதானுங்க.”

“ஒத்தச் சாவி வண்டியை எவனாச்சும் வாங்குவானா தம்பி?”

உங்களுக்கு லாரி கிடையாது, அதனால் சொல்கிறேன். ஒரு லாரிக்கு ரெண்டு சாவி. ஒன்று டிரைவரிடம், இன்னொன்று ஆபீஸில். டிரைவர் நாக்பூரில் சாவியைத் தொலைத்தாலும் சண்டை போட்டுக்கொண்டு வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனாலும், ஆபீஸ் சாவி காப்பாற்றும். அதோ பாருங்கள், சாவிப் பலகை. பத்து பத்தாக ஆறு வரிசை, அறுபது ஆணி. இந்த ஊர் வண்டிகளின் இரண்டாவது சாவி அதில் தொங்குகிறது. இன்றுவரை ஒரு சாவி காணாமல் போனதில்லை.

ஆகவே அவர்களும் பழக்கப்படி செய்தார்கள். பன்னிரண்டு வார்த்தையையும் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு துளை போட்டு, அவரவர் லாரிச் சாவியோடு சேர்த்து இந்தப் பலகையில் மாட்டினார்கள். நாற்பத்தோரு பேர். நானும் என் சீட்டை மாட்டினேன். எல்லோரும் மாட்டும்போது நான் மாட்டாமல் இருந்தால் என் ஆபீஸை நானே நம்பவில்லை என்று ஆகும்.

ஒரு நாள் மிதுன் வந்து அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. உடனே எல்லாவற்றையும் எடுத்துக் கிழித்துப் போடுங்கள் என்று கத்தினான். டிரைவர்கள் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் எதிரில். எனக்குச் சுருக்கென்றது. அறுபது வண்டியை நம்பிக் கொடுக்கிறார்கள், உன் பொம்மை வண்டியை நம்பிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். வார்த்தை தடித்தது. அதிலிருந்துதான் அவனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அப்புறம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவன் எப்போதாவது வந்து எதையாவது படம் எடுத்துக்கொண்டு போவான்.

என் மச்சினன் குணா அப்போது இங்கேதான் இருந்தான், ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொண்டு. அவனுக்கு இந்த விளையாட்டில் ஆர்வமே கிடையாது. சின்னப் பையன்கள் வேலை என்று கேலி செய்வான். வாங்கவும் இல்லை. விற்பது எப்படி என்று மட்டும் ஒரு நாள் மிதுனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டான். வியாபார புத்தி உள்ளவன்.

டீ வந்துவிட்டது. குடியுங்கள். சர்க்கரை போதுமா?

ஒன்பதாயிரத்துக்கு வாங்கின வண்டி ஆவணியில் முப்பது, புரட்டாசியில் எழுபதாயிரம் என்று போயிற்று. யாரும் விற்கவில்லை. இன்னும் ஏறட்டும் என்று இருந்தார்கள். விளையாட்டு பாதிதான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது.

எங்களுக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரியது. முதல் நாள் சாயங்காலமே ஆபீஸைக் கழுவிவிட்டோம். சாவிகளைப் பலகையிலிருந்து இறக்கித் துடைத்து, கணக்குப் புத்தகங்களோடு சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தோம். வெறும் பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டோம். பூஜை மறுநாள். அதற்கு மறுநாள் விஜயதசமி காலையில்தான் தாம்பாளத்தைத் தொடலாம், அதுவரை விளக்கு அணையக் கூடாது. இரண்டு ராத்திரியும் குணாதான் ஆபீஸில் படுத்துக்கொண்டான். வருஷா வருஷம் அவன்தான்.

விஜயதசமி அன்று சாவிகளை எடுத்து மறுபடி மாட்டினேன். மத்தியானம் செம்மலை வந்தார். போனை நீட்டினார். வண்டி இருந்த இடம் காலி. அவருடையது மட்டும் இல்லை, நாற்பத்தொன்றும் போயிருந்தது. என்னுடைய முப்பத்தாறும் போயிருந்தது. எல்லாம் முந்தின நாளே யார் யாருக்கோ விற்றுப் பணமாகிவிட்டது. எட்டாம் நம்பர் வண்டிகள் முப்பத்து மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டு ஆகாது என்று சொன்னவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் இந்த வாசலில் முப்பது பேர். சாவி தொங்கினது என் பலகையில். அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. நான் உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். குணா பக்கத்தில் வந்தான். சொன்னான்:

“மாமா, பூஜை அன்னிக்குக் காலையில பத்து மணி இருக்கும். நீங்க பூசணிக்காய் வாங்கப் போயிருந்தீங்க. மிதுன் வந்தான். பலகை முன்னாடி நின்னு வரிசையா போட்டோ எடுத்தான். என்னடான்னேன். கேமுக்குன்னான்.”

அவன் சொன்னது இவ்வளவுதான். அவன் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மீதியைச் சொன்னவன் நான். படியில் ஏறி நின்று, எடுத்தவன் எவன் என்று தெரிந்துவிட்டது, சீட்டுகளை போட்டோ எடுத்ததைப் பார்த்த ஆள் இருக்கிறது என்று சொன்னேன். பேரைச் சொன்னேன். அந்த முப்பது ஜோடிக் கண்ணும் என்னைவிட்டு எதிர்ச் சந்துக்குத் திரும்பின. அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக மூச்சு வந்தது.

பேட்டரிக் கடை வாசலில் அவனைப் பிடித்தார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள். ரெண்டு பேர் அறைந்தார்கள். எல்லாம் பகிரங்கமாக இருக்கிறது, எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று காட்டுகிறேன், யார் என்று கண்டுபிடிக்கலாம் என்று அவன் ஏதோ நீளமான எழுத்தும் எண்ணுமாகக் காட்டினான். எவனுக்குப் புரியும்? பிறகு என்னைப் பார்த்தான்.

“ஆமாங்கண்ணா, வந்தேன். போட்டோவும் எடுத்தேன். நான் எதை எடுத்தேன்னு நீங்களே பாருங்க.”

போனை என் கையில் கொடுத்தான். திறந்துதான் கொடுத்தான்.

நான் பார்க்கவில்லை. கடைச் சுவரில் அடித்தேன். ரெண்டாவது தடவையும் அடித்தேன். அவன் அப்பா சுப்பராயன் கீழே குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துண்டில் பொறுக்கினார். மிதுன் அழவில்லை. “பாத்திருக்கலாம்ணா” என்று மட்டும் சொன்னான்.

ஸ்டேஷனுக்கும் போனோம். லாரி நம்பர் சொல்லு என்றார் ஏட்டு. சொன்னோம். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் சொல்லு என்றார். இல்லாத லாரி தொலைந்தது என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஒரு வாரத்தில் டீசல் டோக்கன் ஒன்றுமில்லாமல் போயிற்று. மற்றவர்கள் வைத்திருந்த வண்டிகளும் செல்லாக்காசு. மிதுன் ஓசூர் போனான். சுப்பராயன் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். இன்றும் அப்படித்தான்.

நான் முதலில் வந்தவருக்கு இதுவரை சொல்லி நிறுத்தினேன். அவர் எடப்பாடிக்காரர். இரண்டாமவர் கரூர். அவரிடம் சொல்லும்போது அறைந்த இடத்தைக் கொஞ்சம் நன்றாகவே சொன்னேன் என்று ஞாபகம். நாலு சம்பந்தமும் முறிந்தது. மிதுனுக்கு முப்பத்து நாலு வயசு. நான்தான் காரணம் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. வந்து கேட்டிருக்கலாம். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சந்தேகம் எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? ரெண்டு வருஷம் கழித்துச் செம்மலை வந்தார். மிதுன் அவருக்கு மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி அவர் ஒன்பதாயிரத்தையும் தீர்த்துவிட்டானாம். மற்றவர்களுக்கும் வரிசையாக அனுப்புகிறானாம். எடுத்தவன் எதற்குத் திருப்பிக் கொடுக்கிறான் என்று செம்மலை கேட்டார். மனசாட்சி குத்தியிருக்கும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எவன் மனசாட்சிங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேடிக்கையாகக் கேட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. என்னுடையது இனாம் வண்டிதானே.

இன்னொன்றும் உண்டு. இதை முன்னால் வந்தவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பூஜை முடிந்து மூன்று மாசத்தில் குணா ரீட்ரேடிங் கடை போட்டான். நண்பர்கள் கொடுத்தார்கள் என்றான். உழைப்பாளி, கொடுத்திருப்பார்கள். அடுத்த வருஷம் என் மகள் தாரணி கல்யாணம். லாரித் தொழில் அப்போது படுத்துக் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லை, கல்யாணத்தையே தள்ளிப் போடலாமா என்று இருந்தேன். தாய்மாமன் சீர் என்று குணா மேளத்தோடு வந்தான். பதினெட்டுத் தட்டு. ஒரு தட்டில் முப்பது பவுன். மண்டபமே எழுந்து பார்த்தது. என் சம்பந்தி என் தோளைத் தட்டினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சினன் யாருக்குக் கிடைப்பான் என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

போன மாசம் ஒரு டிரைவர் லோடுக்காக இந்தத் திண்டில் படுத்து போனில் ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தான். அற்புதராஜ், திண்டுக்கல் பக்கம். திடீரென்று எழுந்து வந்து, “அண்ணா, உங்க ஆபீஸ் இதுல இருக்குது” என்றான்.

கணவாய். மிதுன் முடித்துவிட்டான். லாரி விற்கவில்லை, டோக்கன் இல்லை, யாரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. இலவசமாக விட்டிருக்கிறான். தொப்பூர் இறக்கம் அப்படியே இருக்கிறது. அற்புதராஜ் ரெண்டு தடவை கவிழ்த்துவிட்டானாம். லோடு எடுக்க ஒரு புக்கிங் ஆபீஸுக்குப் போக வேண்டும். உள்ளே போனால் இந்த மேஜை, கண்ணாடியில் இந்த விரிசல், இந்தப் பச்சைச் சுவர். என் நாற்காலி காலியாக இருந்தது. என்னை அவன் வரையவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தம் வந்தது பாருங்கள், அதுதான் மனுஷப் புத்தி.

நாற்காலிக்குப் பின்னால் சாவிப் பலகை. வரைந்தது இல்லை, போட்டோ. போனை உடைத்தாலும் போட்டோ வேறெங்கோ பத்திரமாக இருக்குமாம், அற்புதராஜ் சொன்னான். அதை விரலால் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். பலகையின் மேல் சாமந்தி மாலை. ஒவ்வொரு ஆணிக்கும் மேலே ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆறு வரிசை, அறுபது ஆணி. ஒரு ஆணியிலும் ஒன்றும் இல்லை.

பலகைக்குச் சந்தனம் வைப்பது வருஷத்தில் ஒரு தடவைதான். மாலை மறுநாளே வாடிவிடும். அவன் அன்றைக்கு, பூஜை அன்று காலையில், எடுத்த போட்டோ அது. முந்தின நாள் சாயங்காலமே சாவிகளும் சீட்டுகளும் தாம்பாளத்துக்குப் போய்விட்டன. ‘இறக்கி வைத்தோம்’ என்று சற்றுமுன் சொன்னேன். அதைக் கவனித்தீர்களா? நான் இறக்கி வைத்தேன். என் கையால், ஒவ்வொன்றாக. குணா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் படியில் ஏறி நின்று நான் பேரைச் சொன்னபோது, பலகை வெறும் பலகை என்று தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன்.

தெரிந்தும் சொன்னேனா, மறந்து சொன்னேனா? இந்த ஒரு மாசமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் போனை ஏன் பார்க்காமல் உடைத்தேன்? மறந்தவன் பார்த்திருப்பான். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாராவது ஒருத்தன் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ஏற்கெனவே பிடிக்காத ஒருத்தன் கிடைத்தான்.

வீட்டில் சம்சாரத்திடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவளுக்கும் சந்தனப் பொட்டு புரியும், அரைத்துக் கொடுத்தவள் அவள்தானே. போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “இப்ப என்ன செய்யணுங்கறீங்க? தாரணி கழுத்துல கெடக்கறதைக் கழட்டித் தரச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் இதே நேரத்துக்குக் குணா கடைக்குப் போவேன், டீ குடிப்பேன், கேட்கப் போனதைக் கேட்காமலே திரும்பி வந்துவிடுவேன். அடுத்த மாசம் என் பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு மகன் இல்லை. குணா மடியில்தான் அவளை உட்கார வைக்க வேண்டும்.

நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோதுதான் தோன்றியது. என்னால் தனியாகக் கேட்க முடியாது. ஐந்தாவது ஆளையும் பழைய கதையோடு அனுப்பவும் முடியாது. அதனால் போன் செய்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

அதோ, வெள்ளை பொலிரோ. வந்துவிட்டான். எழுந்திருக்காதீர்கள். அவன் சிரித்துக்கொண்டேதான் வருவான். எப்போதும் அப்படித்தான், கை நிறைய ஏதாவது வாங்கிக்கொண்டு வருவான். உங்களுக்கும் ஒரு காதுகுத்துப் பத்திரிகை கொடுத்தாலும் கொடுப்பான்.

“வா குணா. பழமெல்லாம் எதுக்கு, அங்க வையி. உக்காரு. இவரு பெருந்துறையிலிருந்து வந்திருக்காரு, மிதுனைப் பத்தி விசாரிக்க. நான் எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி, அது பாத்தவன்தான் சொல்லணும். அவர் முகத்தைப் பாத்துச் சொல்லு. பூஜை அன்னிக்குக் காலையில, அவன் போட்டோ எடுத்தப்ப, இந்தப் பலகையில என்ன மாட்டியிருந்துச்சு?”